ஊர் தாண்டாத குப்பை

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற பக்கம், சுத்தமல்லி தாண்டினால் நடுக்கல்லூர், கோடகநல்லூர் என்று வயலும் வாழையுமாக ஊர்கள் வரும். 2024 டிசம்பரில் அந்த ஊர்களின் ஒதுக்குப்புறங்களில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஊசிக்குழல்கள், கையுறைகள், மருந்துச் சீட்டுகள். சீட்டில் இருந்த விவரங்களைப் படித்தபோதுதான் அவை கேரளத்து மருத்துவமனைகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. கேரளத்திலிருந்தே அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

எங்கள் பக்கம் அந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். கோபம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் கூடவே வேறொன்றும் உறுத்தியது. சென்னை தன் குப்பையைப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கொண்டுபோய்க் கொட்டவில்லையா? அந்த இரண்டு இடங்களிலும் குடியிருப்பவர்கள் எத்தனை கோடைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்? மாநில எல்லையைத் தாண்டி வந்தால் செய்தியாகிறது. நகரத்தின் ஓரத்துக்குப் போனால் அதற்குப் பெயர் நிர்வாகம். குப்பை என்று ஒன்று இருந்தால் அது போய்ச் சேர இன்னொருவர் ஊர் வேண்டும் என்பதை நாம் எல்லோருமே சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அப்படி ஒப்புக்கொள்ளாத ஊர் ஒன்று அதே கேரளத்தில் இருக்கிறது என்று நான் சொன்னதும், என் அண்ணன் மனைவி, எங்கள் வீட்டில் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிற மைனி, "சொல்லிக்கிட்டே இருக்காதே, போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றார். பாலருவி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டோம்.

செங்கோட்டை தாண்டி மலைக்குள் வண்டி நுழைவதே தெரியாத நடுச்சாமம் அது. பதின்மூன்று கண் பாலத்தை இருட்டில் கடந்து, கொல்லம் வந்து, விடியும் நேரத்தில் காயங்குளத்தில் இறங்கி வண்டி மாறினோம். அங்கிருந்து கடற்கரையை ஒட்டிப் போகிற பாதை. ஒரு பக்கம் தென்னை, இன்னொரு பக்கமும் தென்னை, நடுநடுவே குளமும் வாய்க்காலும். ஹரிப்பாடு, அம்பலப்புழை என்று ஊர்கள் ஓடின. ஆலப்புழையில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது.

இந்த ஊரின் குப்பைக் கதை புரிய வேண்டுமானால் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். மேற்கே அரபிக்கடல், கிழக்கே வேம்பநாட்டுக் காயல். இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் பட்டையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியில் ஏறக்குறைய 1,74,000 பேர். எங்கே தோண்டினாலும் சில அடியில் தண்ணீர். குழி வெட்டிப் புதைத்தால் அது அப்படியே கிணற்றுக்கு வரும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் இங்கே துறைமுகத்தை உண்டாக்கி, காயலிலிருந்து சரக்குப் படகுகள் கடற்கரை வரைக்கும் வர வாய்க்கால்களை வெட்டினார். மிளகும் கொப்பரையும் கயிறும் அந்த வழியாகத்தான் போயின. 1862-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னமும் நிற்கிறது. துறைமுகம் கொச்சிக்குப் போய்விட்டது. வாய்க்கால்கள் மிஞ்சின. சரக்கு வராத வாய்க்காலில் வேறு என்ன வந்து விழும் என்பது எந்தத் தமிழ்நாட்டு ஊர்க்காரருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நகரத்துக் குப்பையை வடக்கே மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியில் உள்ள சர்வோதயபுரத்துக்கு லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 டன். பெயரளவில் அது பதப்படுத்தும் நிலையம். உண்மையில் மேடு. நாற்றம், ஈ, கெட்டுப்போன கிணற்றுநீர் என்று பல வருடம் பொறுத்த அந்த ஊர் மக்கள் 2012-இல் சாலையில் உட்கார்ந்து லாரிகளை மறித்துவிட்டார்கள். லாரி உள்ளே போக முடியவில்லை. ஆலப்புழைத் தெருக்களில் குப்பை குவிந்தது. மழை வந்தது, காய்ச்சலும் வந்தது. அழகான ஊர் என்று படகு வீடு தேடி வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

பெரும்பாலான நகரங்கள் இந்த இடத்தில் போலீஸ் பாதுகாப்போடு லாரியை உள்ளே அனுப்பும். இல்லையென்றால் இன்னும் தொலைவில், இன்னும் ஏழைகள் இருக்கிற ஓர் இடத்தைத் தேடும். ஆலப்புழை அப்படிச் செய்யவில்லை என்பதுதான் நான் இங்கே வந்ததற்குக் காரணம். அப்போது தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த பொருளாதார அறிஞர் தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் சேர்ந்து, 2012-இன் பிற்பகுதியில் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். வீடு சுத்தம், ஊர் சுத்தம் என்று பொருள். அதன் அடிப்படை ஒரே ஒரு முடிவு: அழுகுகிற குப்பை அது உண்டான வீட்டிலோ, முடியாவிட்டால் உண்டான வார்டிலோ மக்க வேண்டும். சில வார்டுகளில் ஆரம்பித்து, தெருமுனைக் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, மற்ற வார்டுகளுக்குப் பரப்பினார்கள். சர்வோதயபுரத்துக்குப் போகும் லாரி எண்ணிக்கை விழுந்தது. அங்கே மறியல் செய்த மக்களை வில்லனாக்காமல், அவர்கள் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டதில் இருக்கிற நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆலிசேரி வார்டில் உள்ள வார்டு உரக்கூடத்துக்குக் காலையிலேயே போனோம். வாசலில் செடித்தொட்டிகள். சுவரில் படம் வரைந்திருந்தார்கள். மைனி உள்ளே போகும் முன்னால் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார், பிறகு மெதுவாக இறக்கினார். நாற்றம் இல்லை. ஈரமான மண்ணும் மாட்டுத்தொழுவமும் கலந்த வாசம்தான். கூரை மேல் ஒரு காக்கையும் இல்லை. குப்பைக்கு இடம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்கக் காக்கையைவிட நல்ல அதிகாரி கிடையாது.

வரிசையாகத் தொட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் எல்லாம் நாலு அடி. சுவர் முழுச்சுவர் இல்லை, காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இதற்குத் தும்பூர்முழி முறை என்று பெயர். திருச்சூர் மாவட்டத்தில் சாலக்குடி ஆற்றோரத்தில் உள்ள தும்பூர்முழியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப்பண்ணை இருக்கிறது. பண்ணைக் கழிவை என்ன செய்வது என்று அங்கே கண்டுபிடித்த வழி, பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாமல் நகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அங்கே வேலை பார்க்கிற சேட்டன் எங்கள் கண்முன்னாலேயே ஒரு தொட்டியை நிரப்பிக் காட்டினார். அடியில் ஆறு அங்குலம் பச்சைச் சாணி. அதன்மேல் காய்ந்த சருகு. அதன்மேல் ஆட்கள் வாளியில் கொண்டுவந்த மீன் செதில், சோறு, பலாச்சக்கைத் தோல். மறுபடி சாணி, மறுபடி சருகு. இப்படி அடுக்கிக்கொண்டே போய், நிரம்பியதும் 90 நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும். கிளறவும் வேண்டாம். சாணியில் உள்ள நுண்ணுயிர்களுக்குச் சுவர் இடுக்கு வழியாகக் காற்றுக் கிடைக்கிறது, சருகு கரிச்சத்தைக் கொடுக்கிறது, அவை வேலையைப் பார்க்கின்றன. நாற்றம் எடுப்பது காற்றில்லாமல் அழுகும்போதுதான். சேட்டன் என் கையைச் சுவர் இடுக்கின் அருகே கொண்டுபோகச் சொன்னார். அடுப்பங்கரையில் வைத்த மாதிரிச் சூடு. உள்ளே 70 டிகிரி வரைக்கும் ஏறுமாம், புழுவும் நோய்க்கிருமியும் அதில் பிழைக்காது. பக்கத்தில் திறந்து வைத்திருந்த முதிர்ந்த தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். கறுப்பாக, உதிரியாக, மழை விழுந்த மண் மாதிரி இருந்தது. மைனி அதை விரல்களால் தேய்த்துப் பார்த்து, மல்லிகைச் செடிக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கிலோக் கணக்கில் விற்கிறார்கள்.

அவர்களுக்குப் பஞ்சம் சருகுக்குத்தான். தென்னை மட்டுமே நிற்கிற ஊரில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? பள்ளி வளாகங்கள், கோயில் மரத்தடிகள் என்று தேடிச் சேர்க்கிறார்கள். நம் ஊரில் தெருவோரம் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிற வேப்பஞ்சருகு என் நினைவில் வந்தது. இங்கே அதற்குத் தட்டுப்பாடு.

காலை நேரத்தில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். சைக்கிளில் ஒரு முதியவர், நைட்டிக்கு மேல் துண்டு போட்ட பெண்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன். கொண்டுவந்த வாளியைத் தாங்களே கவிழ்த்து, அங்கேயே குழாயில் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கொண்டுவந்ததில் பிளாஸ்டிக் உறை ஒன்று கலந்திருந்தது. சேட்டன் ஒன்றும் சொல்லவில்லை, அதைக் குச்சியால் தூக்கி அவர் முன்னாலேயே பிடித்தார். அவரும் வாங்கிக்கொண்டு போனார். இந்தச் சின்ன நிகழ்ச்சியை நான் பல நகரங்களில் பார்த்த விளம்பரப் பலகைகள் அத்தனைக்கும் மேலாக வைப்பேன். தன் குப்பையைத் தன் கையால் கொண்டுவந்து, அதை வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறவர் அதில் எதையும் ஒளித்து அனுப்ப முடியாது.

இந்தக் கூடம் வீட்டில் இடமில்லாதவர்களுக்கு. மற்றவர்களுக்கு வீட்டிலேயே வழி செய்திருக்கிறார்கள். சில வீடுகளின் பின்கட்டில் சாண எரிவாயுக் கலனைப் போன்ற சின்ன மிதவைக் கலன். குழி வெட்ட முடியாத மண் என்பதால் தரைக்கு மேலேயே நிற்கிறது. சமையலறைக் கழிவைத் தண்ணீரோடு ஊற்றினால் ஓர் அடுப்பு கொஞ்ச நேரம் எரிகிற அளவுக்கு வாயு வரும். எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு மூன்றும் ஆகாது என்று ஒரு வீட்டுக்கார அம்மா கண்டிப்பாகச் சொன்னார். கலன் வைக்காதவர்களுக்குக் குழாய் உரம்: இரண்டு பெரிய பி.வி.சி. குழாய்களை நட்டு, ஒன்று நிரம்பியதும் மற்றதுக்கு மாறுவது. செலவில் பெரும்பகுதியை மானியமாகக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் இவை இன்னமும் ஓடுகின்றன என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் கலன் காய்ந்து கிடந்தது, அதன்மேல் துணி உலர்ந்தது. பழுது பார்க்க ஆள் வரவில்லை என்றார்கள். கருவியைக் கொடுப்பது ஒரு நாள் வேலை, அதைப் பராமரிக்க ஆள் நிறுத்துவது வருடக்கணக்கான வேலை. அந்த இரண்டாவதில் இந்த ஊரும் சில இடங்களில் சறுக்கியிருக்கிறது.

2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், குப்பையை நல்லபடியாகக் கையாளும் ஐந்து நகரங்களைப் பற்றி எழுதியது. ஜப்பானின் ஒசாகா, ஸ்லோவேனியாவின் லியூப்லியானா, மலேசியாவின் பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா, இவற்றோடு ஆலப்புழை. அதே வருடம் நம் மத்திய அரசின் தூய்மை நகரத் தரவரிசையில் இந்த ஊர் 300-க்கும் பின்னால் கிடந்தது. எத்தனை லாரி ஓடுகிறது, எத்தனை டன் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்று கணக்குக் கேட்டால், லாரியே தேவைப்படாத ஊருக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்? தரவரிசைக்காகத் தன் முறையை மாற்றாமல் இருந்ததற்கு ஆலப்புழையைப் பாராட்ட வேண்டும். ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதன் விலையை இங்கிருந்து வடக்கே உள்ள கொச்சி 2023 மார்ச்சில் கொடுத்தது. பிரம்மபுரம் குப்பைமேட்டில் பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது, நகரமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மக்கும் குப்பை இப்படி. மக்காதது?

பச்சை மேலங்கி போட்ட பெண்களை ஆலப்புழையில் எந்தச் சந்துக்குள் போனாலும் பார்க்கலாம். ஹரித கர்ம சேனை. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். கேரளம் முழுக்க ஊராட்சி, நகராட்சி தோறும் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் ஒட்டியிருக்கிற கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்துவிட்டு, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, கட்டணத்துக்கு ரசீது போடுகிறார்கள். ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், நகராட்சிகளில் கொஞ்சம் கூடும். கழுவிக் காயவைத்த என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அதுதான் பெரிய விஷயம். மில்மா பால் கவர்களை வெட்டி, கழுவி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு வராந்தாவை மைனி நின்று பார்த்தார். "நம்ம தெருவுல பால் கவரைக் கழுவுன்னு சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா?" என்றார். பிறகு அவரே, "சொல்லித்தான் பார்ப்போமே" என்றார்.

எந்த மாதம் எதை எடுப்பார்கள் என்பதற்கு நாட்காட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் மாதாமாதம். பழைய துணி, செருப்பு, பை, கண்ணாடி, கெட்டுப்போன மின்கருவிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி முறை. சேர்ந்ததைப் பிரிக்கும் கொட்டகையில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி. நாலைந்து பெண்கள் தரையில் அமர்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். பால் கவர் ஒரு சாக்கு, தண்ணீர் பாட்டில் ஒரு சாக்கு, அதன் மூடி வேறு சாக்கு, சிப்ஸ் பாக்கெட் மாதிரி உள்ளே வெள்ளிப் பூச்சு இருப்பவை தனி. கையால் தொட்டுக் கசக்கினால் வருகிற சத்தத்திலேயே எந்த வகை என்று தெரிந்துவிடுகிறது அவர்களுக்கு. பாட்டில் விலைக்குப் போகும். மறுசுழற்சிக்கு ஆகாத மெல்லிய பிளாஸ்டிக்கைப் பொடியாக நறுக்கித் தார்ச் சாலைக்கு அனுப்புகிறார்கள். அந்த வித்தை நம் மதுரையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்துக் கொடுத்தது, அதற்காக 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண்களுக்கு ஒரே ஆச்சரியம். ஒன்றுக்கும் ஆகாதது சிமென்ட் ஆலை உலைக்குப் போகிறது. ஆக, பிளாஸ்டிக் ஊரைத் தாண்டுகிறதுதான். ஆனால் பிரித்து, எடை போட்டு, யாருக்குப் போகிறது என்று எழுதி வைத்த பிறகு தாண்டுகிறது. நடுராத்திரியில் கோடகநல்லூரில் இறங்குவதில்லை.

மைனி கேட்க வந்ததைக் கேட்டார். "சேச்சி, மாசம் எவ்வளவு கைக்கு வரும்?"

கட்டணம் கொடுக்கிற வீடுகளைப் பொறுத்தது என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். ஆரம்பத்தில் நாயை அவிழ்த்துவிட்ட வீடுகள் உண்டாம். குப்பை பொறுக்க வந்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களே பேசினார்களாம். கட்டணம் கட்டத் தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் பொய்ச்செய்தி சுற்றியபோது அரசே மறுப்புச் சொல்ல வேண்டி வந்தது. இப்போது அப்படி இல்லை, கதவைத் தட்டினால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றார். பரப்பனங்காடி பற்றி அவராகவே பேச்செடுத்தார். மலப்புறம் மாவட்டத்துப் பரப்பனங்காடி நகராட்சியின் கர்ம சேனைப் பெண்கள் 11 பேர், 250 ரூபாய் லாட்டரிச் சீட்டைக் காசு சேர்த்து வாங்கினார்கள். 2023 ஜூலையில் அதற்குப் பத்துக் கோடி விழுந்தது. மாநிலம் முழுக்க அவர்கள் முகம் பத்திரிகையில் வந்தது. "அதுக்கப்புறமும் அவங்க வேலையை விடலை தெரியுமா" என்று இவர் சொன்னபோது, சொந்தத் தங்கையைப் பற்றிச் சொல்கிற பெருமை குரலில் இருந்தது.

நம் ஊர்களிலும் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள், நம் பெண்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டுபோவது கலந்து கட்டிய குப்பை. நாம் எச்சில் இலையும் பிளேடும் நாப்கினும் ஒன்றாகப் போட்டுக் கட்டிக் கொடுத்த மூட்டையை அவர்கள் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். கழுவி, காயவைத்து, பிரித்துக் கொடுப்பது அந்தக் கைகளுக்குச் செய்கிற மரியாதை. அதன் பிறகுதான் சுவரில் ஓவியம் தீட்டுவதும் வட்டச்சாலையில் பூச்செடி வைப்பதும். நான் பார்த்த எத்தனையோ 'அழகுபடுத்தும்' திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்தோம். வாடை வாய்க்காலும் கமர்ஷியல் வாய்க்காலும் ஊரின் நடுவே இணையாக ஓடுகின்றன. சில இடங்களில் நடைபாதை, இருக்கை, விளக்கு. சாக்கில் கட்டி எறிந்த குப்பையை அங்கே அதிகம் பார்க்க முடியவில்லை. தண்ணீர் இன்னமும் நன்றாக இல்லை. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, இடையிடையே கருமை. வீடுகளின் சாக்கடையும் கழிவுநீரும் வந்து கலக்கிற வரைக்கும் கரையில் எத்தனை விளக்கு வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். ஐஐடி பம்பாயும் கேரள உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலாவும் சேர்ந்து 2017-இல் கல்லூரி மாணவர்களைக் கூட்டி வந்து இந்த வாய்க்கால்களை அளந்து, எந்த வீட்டிலிருந்து என்ன விழுகிறது என்று கணக்கெடுத்தார்கள். 'கனால்பி' என்று அதற்குப் பெயர். வாய்க்காலைத் தூர்வாருவதற்கு முன்னால் அதில் என்ன விழுகிறது என்று வீடு வீடாகக் கேட்பது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. தூர்வாருவது திரும்பத் திரும்ப வருகிற செலவு. அது மனித உயிரையும் கேட்கும். 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிற ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உள்ளே போனவர் போனவர்தான். ஊரே தூக்கி எறிந்த பிளாஸ்டிக் மலைக்குள் அவரை நாள்கணக்கில் தேடினார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் இங்கே கொட்டகையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சேச்சி சொல்லியிருந்தார்.

பிரிக்கிற கொட்டகையிலும் ஒரு வகைக் குப்பைக்கு இடமில்லை. நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும். கேட்டபோது மூத்த சேச்சி கையை விரித்தார். 2018 வெள்ளத்தில் பக்கத்துக் குட்டநாடு முழுக்க மூழ்கி, லட்சக்கணக்கானோர் முகாம்களில் தங்கியபோது இந்தப் பிரச்சினை எல்லோர் கண்ணிலும் பட்டது. எரிக்கவும் வழியில்லை, புதைக்கவும் வழியில்லை, எங்கும் தண்ணீர். அதற்கடுத்த வருடம் ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' என்ற திட்டத்தில் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர் 5,000 பெண்களுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்தது. சிலிகோனில் செய்தது, கொதிநீரில் போட்டு எடுத்துப் பல வருடம் பயன்படுத்தலாம். ஒரு பெண் வருடம் முழுக்கத் தூக்கிப்போடுகிற நாப்கின் அத்தனையும் குப்பைக்கு வராமலே நின்றுபோகிறது.

வடக்கே பஸ்ஸில் போனால் வேம்பநாட்டுக் கரையில் முஹம்மா என்ற ஊர். குமரகத்துக்குப் படகு ஏறுகிற துறை. அங்கே வாய்க்கால்களைச் சுத்தம் செய்தபோது சேற்றோடு வந்தவற்றில் நாப்கினே நிறைய இருந்தது. அதைப் பார்த்த பிறகு அட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு ஊராட்சியோடு சேர்ந்து வீடு வீடாகத் துணி நாப்கினையும் கப்பையும் கொண்டுபோனது. படகுத்துறைக்குப் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, அந்த வேலையில் இருந்த ஒரு பெண்ணோடு பேசினோம். கடையில் ஆண்கள் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. முதலில் எல்லோருக்கும் பயம், உள்ளே போய் மாட்டிக்கொள்ளுமோ என்று. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஆகுமா என்று தாய்மார்கள் கேட்டார்கள். கூட்டம் போட்டுச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால்தான் கேள்வி வரும் என்றார்.

மைனி பையிலிருந்து நோட்டை எடுத்தார். குழுவில் இருப்பவர்கள் எத்தனை பேர், வயது என்ன என்று அந்தப் பெண் கேட்க, இவர் சொன்னார்.

"எங்க குழுவுக்கு ஒரு இருபது வாங்கிட்டுப் போலாமா?"

"இருபது வேண்டாம் சேச்சி. ரெண்டு கொண்டு போங்க. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு உங்க குழுவுல அதிகமா எதிர்த்துப் பேசுறவங்க யாரோ அவங்களுக்கு."

மைனி ஒரு கணம் யோசித்தார். யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பெயரை எழுதிக்கொண்டு, பக்கத்தில் அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.